ஏசியில் கேஸ் தீர்ந்துபோகுமா? வணிக நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் கத்திரி வெயில் தொடங்கியதும், காந்தி ரோட்டு லாட்ஜுகளிலிருந்தும் துணிக்கடைகளிலிருந்தும் எங்களைப் போன்ற மெக்கானிக்குகளுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: "கேஸ் தீர்ந்துபோச்சு, வந்து போட்டுக் கொடுங்க." வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல ஏசியில் கேஸ் தீர்வதில்லை. கம்ப்ரஸரில் அழுத்தப்பட்டு, மொட்டைமாடியிலுள்ள கண்டென்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகி, அறைக்குள் இருக்கும் சுருளில் மறுபடியும் ஆவியாகி, அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். குறையாமலும் இருக்கலாம், தூசி அடைத்த கண்டென்சரைக் கழுவியதுமே குளிர்ச்சி திரும்பிய இடங்கள் பல உண்டு.

கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்புவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய். ஒரு லாட்ஜில் தொடர்ந்து மூன்று கோடைகளில் கேஸ் போட்டிருந்தார்கள். குழாயைச் சுற்றியிருந்த கறுப்பு உறையை விலக்கிப் பார்த்தபோது, குழாய் இணைப்பை இறுக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதில் தூசி படிந்து மோதிரம்போல இறுகியிருந்தது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வெளியேறும் என்பதால், அந்த எண்ணெய்க் கறையே நம்பத்தக்க அடையாளம். ஐயமிருந்தால் நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். கைக்குக் கிடைக்கிறது என்று ஆக்சிஜனை ஏற்றினால், அது எண்ணெயோடு சேர்ந்து வெடித்து உயிரையே பறித்துவிடும்.

அடுத்தது, இயந்திரத்துக்கு எந்த வகை கேஸ் என்று பாராமல், கையிருப்பில் உள்ள சிலிண்டரை மாட்டிவிடுவது. ஆவியாகும் வெப்பநிலை 5 டிகிரியாக இருக்கும்போது பழைய வகை கேஸான ஆர்-22, கேஜில் (அழுத்தமானியில்) ஏறக்குறைய 70 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும்; புதிய வகையான ஆர்-410ஏ ஏறக்குறைய 120 காட்டும். பழைய கணக்கில் பழகிய கண் அதைப் பார்த்து, கேஸ் அதிகம் என்று திறந்துவிடுகிறது. ஆர்-22 இயந்திரங்களில் கனிம எண்ணெயும், ஆர்-410ஏ இயந்திரங்களில் பாலியால் எஸ்டர் எண்ணெயும் இருப்பதால், ஒன்றுக்கு மற்றொன்று மாற்று ஆகாது. ஆர்-410ஏ, ஆர்-407சி ஆகியவை கலவைகள் என்பதால் அவற்றைத் திரவ நிலையில்தான் ஏற்ற வேண்டும். ஆர்-32 தீப்பற்றக்கூடியது, அதை ஆர்-22 இயந்திரத்தில் ஏற்றவே கூடாது. ஆர்-32 உள்ள குழாயில், கேஸை முழுதும் எடுத்து நைட்ரஜன் செலுத்தாமல் பற்றவைப்பும் (வெல்டிங்) செய்யக் கூடாது.

கேஸ் ஏற்றும் முன் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்பை, நேரமில்லை என்று தவிர்ப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பாலியால் எஸ்டர் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் அமிலமாகி, கம்ப்ரஸர் மோட்டார் சுற்றுகளின் மின்காப்பை மெல்ல அரிக்கும். குழாயினுள் அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்திய பிறகும் அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய கேஸை வானத்தில் திறந்துவிடுவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. ஒரு கிலோ ஆர்-410ஏ, நூறாண்டுக் கணக்கில் ஏறக்குறைய 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-22 ஓசோன் படலத்தையும் அரிக்கும். மீட்பு இயந்திரத்தால் தனிச் சிலிண்டரில் பிடித்து வைப்பதே முறை.

வேலை முடிந்ததும், எந்த கேஸ், எத்தனை கிராம், எந்தத் தேதி என்பதை அவுட்டோர் யூனிட்டின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எடைத் தராசு கொண்டுவராத மெக்கானிக்கால் அந்த கிராம் கணக்கை எழுத முடியாது.