பைலட் லைசென்ஸ் கையில வந்துட்டா வேல வந்துருச்சுன்னு நெனச்சுக்காத தம்பி

போன தீபாவளிக்கு பந்திங்ல அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன், முறுக்கு தட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், முன்ன நம்ம தோட்டத்து லயத்துல இருந்த மாமா ஒருத்தர் மவன கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. கையில பளபளன்னு ஒரு புரோஷர். பையன் இப்பதான் எஸ்பிஎம் (அஞ்சாம் படிவ பரீட்ச) முடிச்சிருக்கான், பைலட் ஸ்கூல்ல சேர 5,000 வெள்ளி (ரிங்கிட்) புக்கிங் கட்டியாச்சாம், மிச்ச காசுக்கு இபிஎஃப், கூட்டு (சீட்டு) பணம், அக்கா நகைன்னு வீட்டுல கணக்கு ஓடிக்கிட்டு இருக்கு. நான் ஒன்னே ஒன்னுதான் கேட்டேன், "மெடிக்கல் எடுத்தாச்சா மாமா?" "அது சேந்த பொறவு அவங்களே பாத்துப்பாங்களாம் தம்பி"ன்னாரு. முறுக்கு தொண்டையிலயே நின்னுருச்சு.

நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு பைலட் ஆச வர்றது ஆச்சரியமே இல்ல. கேஎல்ஐஏ, அதான் நம்ம கோலாலம்பூர் ஏர்போர்ட்ட, 1998-ல தொறந்தாங்க, அதுக்கு முன்ன அந்த எடம் பூரா செம்பனை தோட்டந்தான், நம்ம சொந்தக்காரங்க எத்தன பேரு அங்க வேல செஞ்சாங்க. இப்ப சாயங்காலம் கடையில தே தாரே குடிச்சுக்கிட்டு நிமிந்து பாத்தா ஒன்னு பின்னாடி ஒன்னா லைட்ட போட்டுக்கிட்டு எறங்குது. ஆச தப்பு இல்ல, ஆனா இதுல தப்பு பூராவும் தரையிலதான் நடக்குது, காசு கட்டுற எடத்துலயும் காத்துக்கிட்டு இருக்கற எடத்துலயும். நானும் பைலட்தான், அந்த தப்ப நானும் பண்ணுனேன், அதனாலதான் எழுதறேன்.

முதல்ல மெடிக்கல். ஏர்லைன் பைலட்டுக்கு கிளாஸ் 1 மெடிக்கல் வேணும், அத ஊர் கிளினிக்ல எடுக்க முடியாது, சிஏஏஎம் (மலேசியா விமான போக்குவரத்து ஆணையம்) அங்கீகாரம் குடுத்த டாக்டருங்க இருக்காங்க, அவங்ககிட்டதான் போவணும். ரத்தம், ஈசிஜி, காது, கண்ணு எல்லாம் பாப்பாங்க. கண்ணாடி போட்டா பைலட் ஆவ முடியாதுன்னு நம்ம பாட்டிமாருங்க சொல்றது பழைய கத, கண்ணாடி போட்டு ஒவ்வொரு கண்ணும் 6/9, ரெண்டும் சேத்து 6/6 வந்தா போதும். மாட்டிக்கிறது எங்கன்னா கலர்லதான். புள்ளி புள்ளியா இருக்கற இஷிஹாரா புக்குல நம்பர் தெரியணும். ஏன்னா ரன்வே பக்கத்துல நாலு லைட்டு இருக்கும், வெள்ள ஜாஸ்தியா தெரிஞ்சா நீ ரொம்ப மேல வர, சிவப்பு ஜாஸ்தியா தெரிஞ்சா ரொம்ப கீழ வர, அந்த ரெண்டு கலரும் குழம்புனா எப்படி எறக்குவ? கலர் பிரச்சன ஆம்பள பிள்ளைங்களுக்குதான் ஜாஸ்தி, நெறைய பேருக்கு தனக்கு இருக்கறதே தெரியாது. சில நூறு வெள்ளி செலவு பண்ணி இத முதல்ல பாத்துட்டு அப்புறம் புக்கிங் பக்கம் போ. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த மெடிக்கல் திரும்ப வரும், வேல பாக்கற காலம் பூரா.

மாமா மவன் அடுத்த வாரமே போயி பாஸ் பண்ணிட்டான், அது அவங்க நல்ல நேரம்.

அடுத்தது யூடியூப். பசங்க அமெரிக்கா வீடியோ பாத்துட்டு வந்து "அண்ணே 1,500 மணி நேரம் எப்படி சேக்கறது"ன்னு கேக்கறாங்க. அது அந்த நாட்டு சட்டம். 2009 பிப்ரவரியில பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் விமானம் விழுந்து, அதுக்கப்புறம் 2010-ல காங்கிரஸ்ல சட்டம் வந்து, 2013-லேந்து அங்க கோ-பைலட்டா உக்காரவே பொதுவா 1,500 மணி நேரம் வேணும்னு ஆயிருச்சு, அதனாலதான் அங்க பசங்க லைசென்ஸ் எடுத்த கையோட இன்ஸ்ட்ரக்டரா வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. நம்ம பக்கம் ரூட்டு வேற. ஐகாவோ (உலக விமான போக்குவரத்து அமைப்பு) கணக்குல சிபிஎல்லுக்கு, அதாவது சம்பளத்துக்கு ஓட்டுற லைசென்ஸுக்கு, 200 மணி நேரம், அங்கீகாரம் உள்ள முழு நேர கோர்ஸ்னா 150-க்கு கூட கொறையும். அதோட மல்டி இஞ்சின், கருவிய மட்டும் பாத்து ஓட்டுறதுக்கு இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங், ஏடிபிஎல் (ஏர்லைன் கேப்டனுக்கு வேண்டிய லைசென்ஸ்) தியரி பேப்பருங்க, இத எல்லாம் முடிச்சவன 'ஃப்ரோசன் ஏடிபிஎல்'னு சொல்லுவாங்க. ஏர்லைன் எடுத்துச்சுன்னா ஏ320-ஓ 737-ஓ டைப் ரேட்டிங் (அந்த வக பிளேனுக்குன்னு தனி பயிற்சி) பண்ணி 200 மணி நேர பையன் நேரா வலது சீட்டுல கோ-பைலட்டா உக்காருவான். 1,500 இங்கயும் வரும், அது ஏடிபிஎல் முழுசா வாங்கறதுக்கு, அதாவது கேப்டனோட எடது சீட்டுக்கு போற வழியில. இது தெரியாம எனக்கு தெரிஞ்ச ஒருத்தன் வெளிநாட்டுல போயி குட்டி செஸ்னாவ வாடகைக்கு எடுத்து மணி நேரமா வாங்கி சேத்தான், காசு கரைஞ்சுது, திரும்பி வந்தா இங்க இண்டர்வியூல அவன கேட்டது சிமுலேட்டர் ஓட்டுறதும் தியரியும்தான்.

ஸ்கூல் தேடுறப்ப எல்லாரும் பீஸ் மட்டும் பாக்கறாங்க. மூணு லட்சம் வெள்ளிய ஒட்டி வரும், சரி. நீ கேக்க வேண்டியது வேற, எத்தன பிளேன் இன்னிக்கு பறக்குது (பேப்பர்ல எத்தனன்னு இல்ல), எத்தன ஸ்டூடண்டு, எத்தன இன்ஸ்ட்ரக்டரு. 18 மாசம்னு போட்டிருப்பாங்க, பிளேன் பட்டறையில கெடந்தா அது மூணு வருஷம் ஆவும், அது வரைக்கும் வாடகையும் சாப்பாடும் உன் காசு. எல்லாத்தயும் ஒரே தவணையில கட்டாத, ஒவ்வொரு கட்டம் முடிய முடிய கட்டுற மாதிரி எழுதி வாங்கு, பாதியில ஸ்கூல் மூடிட்டா யாருகிட்ட போயி அழுவ?

ஊரும் பாக்கணும். கோத்தா பாரு பக்கம்னா நவம்பர்லேந்து மார்ச் வரைக்கும் வடகிழக்கு பருவமழ. மேற்கு கரையில விடியக்காலையில சுமத்ரா காத்து, மத்தியானம் மூணு மணிக்கு மேல இடி மேகம் கோபுரம் மாதிரி எழும்பும். ஜெரெபு, அதான் பொக மூட்டம், வந்தா அதுவும் போச்சு, 5 கிலோமீட்டர் தூரம் தெரியலன்னா ஸ்டூடண்டு சாதாரணமா வெளிய பாத்து பறக்கற பறப்புக்கு போவ முடியாது. 2015 ஜெரெபு நெனப்பு இருக்குல்ல, பள்ளிக்கூடமே மூடுனாங்க. அதனால காலையில ஏழு மணிக்கு ரெடியா நிக்கிறவன்தான் மணி நேரம் சேப்பான், ராத்திரி பூரா கேம் ஆடிட்டு பத்து மணிக்கு வர்றவனுக்கு மேகம்தான் மிச்சம்.

இனி சொல்றது என் கத. சோலோ கிராஸ் கண்ட்ரி, அதாவது தனியா ஊர் விட்டு ஊர் பறக்கற பயிற்சி, ஜொகூர் வடக்கு பக்கம், கொஞ்சம் மங்கலான நாளு. மேலேந்து பாத்தா எல்லா செம்பனை தோட்டமும் ஒன்னுதான் தம்பி, அதே வரிசை, அதே செம்மண் ரோடு, நான் தோட்டத்துல பொறந்தவன்ற திமிருல மேப்ப சரியா பாக்கல. பழுப்பா ஒரு ஆறு வந்துச்சு, மூவார் ஆறுன்னு நானே முடிவு கட்டி திரும்பிட்டேன். அஞ்சு நிமிஷத்துல வர வேண்டிய டவுன் வரல. பத்து நிமிஷம் ஆச்சு, வரல. அப்ப என்ன பண்ணியிருக்கணும்? ரேடியோவ அமுக்கி "எடம் நிச்சயமா தெரியல"ன்னு சொல்லியிருக்கணும். நான் சொல்லல. வெக்கம். அந்த அலைவரிசையில என் கிளாஸ் பசங்க ரெண்டு பேரு இருக்கானுங்க, கேட்டுட்டா சாவுற வரைக்கும் கிண்டல் பண்ணுவானுங்கன்னு வாய மூடிக்கிட்டு வட்டம் அடிச்சேன், பெட்ரோல் முள்ளு எறங்குது. கடைசியா கேட்டேன். கண்ட்ரோலர் ஒரு நம்பர் குடுத்து டிரான்ஸ்பாண்டர்ல (ரேடாருக்கு நம்மள அடையாளம் காட்டுற கருவி) போட சொன்னாரு, ரேடார்ல பாத்து எந்த பக்கம் திரும்பணும்னு சொன்னாரு, ஒரு நிமிஷம் கூட ஆவல. எறங்குன பொறவு இன்ஸ்ட்ரக்டரு கிழி கிழின்னு கிழிச்சாரு, ஆனா வழி தவறுனத பத்தி ஒரு வார்த்த பேசல. "பத்து நிமிஷம் ஏன்டா பேசல"ன்னுதான் திரும்ப திரும்ப கேட்டாரு.

இது நம்ம பிள்ளைங்களுக்கு கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கற பழக்கம்னு எனக்கு தோணும். தாத்தா காலத்துல தோட்டத்து தொர முன்னாடி சைக்கிள விட்டு எறங்கி நின்னாங்க, அப்பா தோட்டத்து கிளார்க், அந்த கிராணி முன்னாடி கைய கட்டுனாரு, நம்ம ஸ்கூல்ல சார் தப்பா கணக்கு போட்டாலும் அப்படியே எழுதிக்கிட்டோம். பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாதன்னு வளத்துட்டாங்க. வீட்டுல அது மரியாத, காக்பிட்ல அது ஆபத்து. 1999 டிசம்பர்ல லண்டன் பக்கத்துல ஸ்டான்ஸ்டெட்லேந்து கெளம்புன கொரியன் ஏர் கார்கோ 747, கேப்டன் பக்கத்து கருவி கெட்டுப்போயி தப்பா காட்டுது, கோ-பைலட் பக்கத்து கருவி சரியாதான் இருந்துச்சு, பிளேன் சாஞ்சுக்கிட்டே போவுது, பின்னாடி இருந்த ஃப்ளைட் இஞ்சினியர் கத்துறாரு, கோ-பைலட் வாயே தொறக்கல. நாலு பேரும் போயிட்டாங்க. புது ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு (கோ-பைலட்டுக்கு) லேண்டிங் கொஞ்சம் முரடா இருந்தா பரவால்ல, அது பழகிரும், "கேப்டன், ஸ்பீட் ஜாஸ்தி"ன்னு தெளிவா சொல்ல வரலன்னா அவன் அந்த சீட்டுல உக்காந்து என்ன பிரயோஜனம்? அதே மாதிரிதான் கோ-அரவுண்டும். 1,000 அடியில ஸ்பீடும் உயரமும் சரியா அமையலன்னா மேல போயி திரும்ப வா, முதல் வருஷத்துல அத அவமானமா நெனைக்கிறவன் நெறைய.

இங்கிலீஷ் பத்தி ஒரு வரி. ஐகாவோ லெவல் 4 கட்டாயம், மூணு வருஷத்துக்கு ஒரு தடவ திரும்ப டெஸ்ட்டு. அக்செண்டு பத்தி கவலப்படாத, தெளிவா சொல்லு, புரியலன்னா "சே அகெய்ன்" கேளு, தமிழ்ப்பள்ளியில படிச்ச நானே வாங்கிட்டேன்.

லாக்புக்ல கத எழுதாத. ஓட்டாத மணி நேரத்த பேனாவால ஓட்டுறத எங்க ஆளுங்க 'பார்க்கர் பேனா ஹவர்'னு கிண்டல் பண்ணுவாங்க. பிளேனோட டெக் லாக், ஸ்கூல் ரெக்கார்டு எல்லாத்தயும் ஒப்பிட்டு பாப்பாங்க, மாட்டுனா அந்த பேரு போவவே போவாது.

சரி, பெரிய தப்புக்கு வர்றேன். லைசென்ஸ் வாங்குன அன்னிக்கு எங்க வீட்டுல கடா வெட்டுனாங்க, அப்பா ஊரு பூரா சொல்லிட்டாரு. வேல வரல. 14 மாசம் வரல. அந்த நேரம் எந்த ஏர்லைனும் ஆள் எடுக்கல, நான் பாட்டுக்கு ஒரு வேர்ஹவுஸ்ல ஷிப்ட் பாத்துக்கிட்டு இருந்தேன், அதுல தப்பு இல்ல. தப்பு என்னான்னா, லைசென்ஸ் கையில வந்த நிமிஷத்துலேந்து அதுக்கு கடிகாரம் ஓடுதுன்னு எனக்கு ஒறைக்கல. இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் ஒரு வருஷம்தான், மெடிக்கல் ஒரு வருஷம்தான், கை பழக்கம் அதுக்கும் முன்னாடியே போயிரும். காசு மிச்சம் புடிக்கிறேன்னு ரின்யூ பண்ணாம விட்டேன். திடீர்னு ஒரு ஏர்லைன்ல இண்டேக் (ஆள் எடுப்பு) தொறந்துச்சு, எல்லாம் செல்லுபடியா இருக்கணும்னு போட்டிருந்தான், நான் அவசரமா கடன் வாங்கி ரிப்ரெஷரு, செக் எல்லாம் முடிக்கறதுக்குள்ள இண்டேக்க மூடிட்டாங்க. அடுத்த இண்டேக்குக்கு இன்னும் ஏழு மாசம். 2020 மார்ச் எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) வந்தப்ப ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டனுங்களே சாப்பாட்டு கடை போட்டாங்க, டெலிவரி ஓட்டுனாங்க, இந்த தொழில் அப்படித்தான், மேலயும் போவும் கீழயும் வரும்.

அதனால 3 லட்சத்துக்கு மட்டும் கணக்கு போடாத, லைசென்ஸ் வாங்குன பொறவு ரெண்டு வருஷம் அத உயிரோட வச்சிருக்க காசு தனியா எடுத்து வை, டைப் ரேட்டிங் உன் தலையில விழுந்தா அதுவே ஒரு லட்சம் வெள்ளி கிட்ட போவும். ஏர்லைன் கட்டுச்சுன்னா பாண்டு போடுவான், அத்தன வருஷம் வேல பாக்கணும், கேரண்டரா மாமாவ கையெழுத்து போட வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியும் படி.

காத்துக்கிட்டு இருக்கற நேரத்துல "ஜெட்டுதான் ஓட்டுவேன்"னு அடம் புடிக்காத. இன்ஸ்ட்ரக்டர் வேல கெடச்சா எடு, அடுத்தவனுக்கு சொல்லிக்குடுக்கறப்பதான் உனக்கு எது தெரியலன்னு தெரியும். ஏடிஆர் (காத்தாடி வச்ச ஏர்லைன் பிளேன்) கெடச்சா ஓடிப்போயி சேரு. சரவாக் உள்ள பாரியோ மாதிரி மலை ஊருங்களுக்கு 19 சீட்டு ட்வின் ஆட்டர் போவுது, சின்ன ரன்வே, மலைக்கு நடுவுல மேகம், அங்க ரெண்டு வருஷம் கையால ஓட்டுனவன ஏ320-ல பக்கத்துல உக்கார வச்சு பாத்திருக்கேன், எனக்கு பொறாமையா இருந்துச்சு. ஊர்ல அத்தைங்க "என்னா சின்ன பிளேனா"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும்.

மாமா மவன் கதைய விட்டுட்டேன் பாத்தீங்களா. நான் சொன்ன கேள்விங்கள எழுதிக்கிட்டு அப்பாவும் மவனும் அந்த ஸ்கூலுக்கு போயிருக்காங்க. ஆபீஸ்ல ஒன்பது பிளேன்னு சொன்னாங்களாம். பையன் காலையில எட்டு மணிலேந்து மத்தியானம் வரைக்கும் வேலி ஓரமா மோட்டோவ நிறுத்திக்கிட்டு எண்ணியிருக்கான், மூணுதான் ஏறி எறங்குச்சாம், ரெண்டுக்கு மூக்குல காத்தாடியே இல்லயாம். புக்கிங் காசுல பாதிதான் திரும்ப வந்துச்சு. அடுத்த வாரம் வேற ஸ்கூல் பாக்க போறாங்களாம், மாமா இந்த தடவ செக் புக்க வீட்டுலயே வச்சுட்டு போறேன்னு மெசேஜ் போட்டிருந்தாரு.