கொங்கு வீட்டுச் சமையலறைக்கு என்னென்ன மெஷின் வாங்குவது? கிரைண்டரிலிருந்து தொடங்கலாம்

புதுக் குடித்தனம் போகிற பலர் கடைக்குள் நுழைந்த பிறகுதான் என்ன வேண்டும் என்று யோசிக்கிறார்கள். கையில் இருக்கிற பணம் ஆடித் தள்ளுபடியில் கண்ணில் பட்டதற்கெல்லாம் போய்விடுகிறது. ஏர் ஃப்ரையர் பெட்டி பிரிக்காமல் கிடக்க, இட்லி மாவு மட்டும் தினமும் பாக்கெட்டில் வருகிறது. இதை மாற்ற முடியும். கீழே உள்ள வரிசையில் போங்கள்.

படி 1: ஒரு வாரச் சமையலை எழுதுங்கள்

காகிதம் எடுத்து, உங்கள் வீட்டில் ஏழு நாளும் உண்மையில் என்ன சமைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஆசைப்படுவதை எழுத வேண்டாம். நம் பக்கத்து வீடுகளில் பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் வரும்: இட்லி, தோசை, அரிசி பருப்புச் சாதம், கொள்ளுப் பருப்பு, செலவு ரசம், எப்போதாவது ராகிக் களி, விருந்தாளி வந்தால் சந்தகை (அரைத்த அரிசி மாவை அவித்து, நூலாகப் பிழிவது). ஒவ்வொன்றுக்கும் எதிரே அரைப்பதா, வேகவைப்பதா, கிண்டுவதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அரைக்கிற வேலைதான் அதிகம் என்பது உடனே தெரியும். பணமும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

படி 2: கிரைண்டர்

1955-ல் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய இயந்திரத்திலிருந்து வளர்ந்த தொழில் இது. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம் பெயர் பெற்றது. இவ்வளவு அருகில் செய்கிற ஊரில் இருந்துகொண்டு, மிக்ஸியிலேயே மாவாட்டிச் சமாளிக்க வேண்டியதில்லை.

மிக்ஸியில் ஆட்டினால் என்ன குறை என்று கேட்பீர்கள். அதன் பிளேடு மிக வேகமாகச் சுற்றுவதால் மாவு சூடேறுகிறது. கல் மெதுவாக நசுக்கி அரைப்பதால் மாவு அவ்வளவு சூடாவதில்லை, உளுந்து காற்றை வாங்கிக்கொண்டு பொங்கி வருகிறது. இட்லி பஞ்சு போல வருவது இதனால்தான். சந்தகைக்கும் அப்படியே: ஊறிய புழுங்கல் அரிசி நைசாக அரைந்தால்தான் அவித்துப் பிழியும்போது கை நோகாது, நூலும் அறாது.

வகை மூன்று. ஒற்றைக் குழவி நிற்கும் பழைய பெரிய கிரைண்டர் நன்றாக அரைக்கும். ஆனால் இடத்தை அடைக்கும், மாவைக் கையால் வழிக்க வேண்டும். டில்டிங் வகையில் டிரம்மைச் சாய்த்து மாவை எடுக்கலாம். கூட்டுக் குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். டேபிள் டாப்பில் டிரம்மைத் தனியாகக் கழற்றிக் கழுவலாம். நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர் டேபிள் டாப் போதும். ஊறவைக்கும் முன் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை அரிசி போடலாம். இருவர் மட்டும் என்றால் அதைவிடச் சிறியதும் வரும். ஆனால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குகிற வீடாக இருந்தால் 2 லிட்டரே வாங்கிவிடுங்கள்.

கடையில் இவற்றைப் பாருங்கள்:

- டிரம்மைக் கல்லோடு நீங்களே தூக்கிப் பாருங்கள். தினமும் கழுவப் போவது கடைக்காரர் இல்லை. வீட்டில் வயதானவர்கள் ஆட்டுவார்கள் என்றால் அவர்களையும் கூட்டிப் போய்த் தூக்கச் சொல்லுங்கள்.
- கல்லை விரலால் தடவுங்கள். பிளவு, குழி, உதிர்கிற மணல் எதுவும் இருக்கக் கூடாது.
- காலியாக ஒரு நொடி மட்டும் ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். கல் மேல் கல் உரசும் சத்தம் இருக்கத்தான் செய்யும். மோட்டாரிலிருந்து கரகரப்பு வந்தால் வேண்டாம்.
- பெல்ட், உருளைக் கல்லின் ஷாஃப்ட், மாவு தள்ளும் பிளாஸ்டிக் மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் தேய்வது இவைதான்.

பெரிய பெயர்தான் வேண்டும் என்பதில்லை. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துச் சிறு பட்டறைகளிலும் நல்ல கிரைண்டர் கிடைக்கிறது. நம் ஊர்களில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்குப் பஞ்சமே இல்லை, அதுவும் ஒரு வசதி.

தோட்டத்து வீடு என்றால் ஒன்று கூடுதல். பம்புசெட் ஓடும் நேரத்தில் சில இடங்களில் வோல்டேஜ் இறங்கும்; அப்போது டிரம் திணறும், மோட்டார் சூடாகும். பம்புசெட் நிற்கிற நேரம் பார்த்து ஆட்டுங்கள்.

கரண்ட் பில் பற்றிப் பயப்பட வேண்டாம். 150 வாட் கிரைண்டர் 13 முறை அரை மணி நேரம் ஓடினால்தான் ஏறக்குறைய ஒரு யூனிட்.

படி 3: மிக்ஸி

கிரைண்டர் இருந்தால் மிக்ஸிக்கு வேலை குறைவு: தேங்காய், சட்னி, வறுத்த மல்லி மிளகாய், வெந்த கொள்ளைக் கடைவது. இதற்கு 500 முதல் 750 வாட் தாராளம். வாட்டைவிடச் சின்ன ஜாரைக் கவனியுங்கள். இரண்டு பேருக்குச் சட்னி அரைக்கும்போது பிளேடு அடி வரை எட்டவில்லை என்றால் பாதி தேங்காய் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள்.

படி 4: குக்கர், அடுப்பு

அரிசி பருப்புச் சாதம்தான் அளவுகோல். குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு நுரைத்து வருவதால் பாதிதான் நல்லது. ஆகவே நான்கு பேருக்கு 5 லிட்டர். அலுமினியம் லேசானது, சீக்கிரம் சூடேறும். புளியும் தக்காளியும் அதிகம் வேகும் வீட்டுக்கு ஸ்டீல் மேல். இங்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். ஆவி அழுத்தத்தோடு விளையாட முடியாது.

அடுப்பில் கண்ணாடி மேல்தளம் பார்க்க அழகு. ஆனால் களி கிண்டுகிற வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கனமான பாத்திரத்தை அடுப்பில் அழுத்திப் பிடித்துத் துடுப்பால் கிண்டுகிறோம். ஸ்டீல் தளமும் அகலமான தாங்கியும்தான் அதற்குப் பொருத்தம்.

இண்டக்‌ஷன் அடுப்பைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். காந்தம் ஒட்டுகிற தட்டையான அடி உள்ள பாத்திரம் மட்டுமே அதில் சூடாகும். 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு தருகிற 100 இலவச யூனிட்டை அது ஒன்றே தாண்டிவிடும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டும் வேண்டும். சமையலறையில் அது எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

படி 5: தண்ணீர் ஃபில்டர்

உப்பு நீக்குவது ஆர்.ஓ.; யு.வி. கிருமியை மட்டும் கொல்லும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை, வீணாகும் தண்ணீர்தான் மிச்சம். போர்வெல் தண்ணீர் குடிக்கிற வீடு வேறு. அங்கே டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அளந்து பாருங்கள், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆர்.ஓ. பற்றி யோசிக்கலாம்.

ஃபிரிட்ஜுக்கு ஒரே வார்த்தை: ஒரே அளவுள்ளவற்றை ஒப்பிடும்போது, ஸ்டாரோடு லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் கணக்கையும் பாருங்கள்.

படி 6: வாங்கி வந்த அன்று

பில்லில் மாடல் எண்ணும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரை வேண்டும். அப்புறம் வீட்டில் கிரைண்டரை எர்த் உள்ள மூன்று முனை பாயிண்ட்டில் மட்டும் மாட்டுங்கள்.

புதுக் கல்லில் நேராக மாவாட்டக் கூடாது. நன்றாகக் கழுவி, இரண்டு கைப்பிடி ஊறிய அரிசியோ பழைய சோறோ போட்டு, தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டிக் கொட்டிவிடுங்கள். மறுபடியும் அதையே செய்யுங்கள். அரைத்ததை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்; மணல் நெருடினால் இன்னொரு முறை. நெருடாமல், சாம்பல் நிறமும் இல்லாமல் வெள்ளையாக வந்த பிறகு உளுந்தைப் போடலாம். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், கல் சுற்றச் சுற்றக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள்.