எத்தனால் டேங்கின் மூச்சு வால்வை எந்த அழுத்தத்தில் வைப்பது?

சித்திரை மாதம், பிற்பகல் மூன்று மணி. கும்பகோணம் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் எத்தனால் டேங்கின் கூரையில் கை வைக்க முடியாது. நான்கு மணிக்கு மேற்கே கருத்து, கோடை மழை கொட்டுகிறது. ஊரெல்லாம் குளிர்ந்துபோகும் அந்த நேரம்தான் டேங்குக்கு ஆபத்து. உள்ளே சூடாக இருந்த காற்றும் ஆவியும் சட்டென்று சுருங்கும். வெளிக்காற்று நுழைய வழியில்லை என்றால் கூரை உள்வாங்கிவிடும். அந்த வழியைத் தருவதுதான் மூச்சு வால்வு: உள்ளே அழுத்தம் கூடினால் ஆவியை வெளியே விடும் (வெளிமூச்சு), குறைந்தால் காற்றை உள்ளே விடும் (உள்மூச்சு).

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் டேங்க் வெடித்துவிடுமோ என்றே பயப்படுகிறார்கள். நான் பார்த்ததில் வெடித்த டேங்கைவிட நசுங்கிய டேங்கே அதிகம். அதனால் இரண்டு பக்கமும் பார்த்து வால்வை அமைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஆவி அழுத்தம். மூடிய பாத்திரத்தில் பாதியளவு எத்தனால் இருந்தால், மேலே உள்ள காலியிடத்தில் ஆவி சேர்ந்துகொண்டே போய் ஓர் அளவில் நின்றுவிடும். அந்த ஆவி மட்டும் தரும் அழுத்தமே ஆவி அழுத்தம். எத்தனாலுக்கு அது 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 6 கிலோபாஸ்கல், 30 டிகிரியில் 10.5, 40 டிகிரியில் 18. இருபது டிகிரி ஏறினால் மூன்று மடங்கு.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். டேங்க் அழுத்தத்தை நீர்மட்ட மில்லிமீட்டரில், அதாவது அத்தனை உயரத் தண்ணீர் தரும் அழுத்தமாகச் சொல்வோம். 18 கிலோபாஸ்கல் என்றால் 1,800 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்கும் மேல். நாம் பின்னால் அமைக்கப்போகும் வால்வோ 120 மில்லிமீட்டரில் திறக்கிறது. அப்படியானால் வால்வு எப்போதும் திறந்தே கிடக்குமா? கிடக்காது. ஆவி அழுத்தத்தைச் சுழியத்திலிருந்து அளக்கிறோம். வால்வின் அளவை வெளிக்காற்றின் அழுத்தத்திலிருந்து அளக்கிறோம். டேங்குக்குள் ஆவியின் பங்கு 18 என்றால் மீதி 83 காற்றின் பங்கு. இரண்டும் சேர்ந்து வெளிக்காற்றின் அதே 101 கிலோபாஸ்கல். வால்வை அசைப்பது இந்த மொத்தத்தில் வரும் மாற்றம் மட்டும்தான். புரோப்பேன் வேறு கதை. 40 டிகிரியில் அதன் ஆவி அழுத்தமே ஏறக்குறைய 14 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல 14 மடங்கு. சாதாரணக் கூரை டேங்கில் அதை வைக்கவே முடியாது. எரிவாயுவைக் கனமான, படுத்த உருளை வடிவப் புல்லட் டேங்குகளில் வைப்பது அதனால்தான். பெட்ரோல் இரண்டுக்கும் நடுவே நிற்பதால், பெரிய டேங்குகளுக்கு எண்ணெய்மேலேயே மிதந்து ஏறி இறங்கும் கூரை போடுகிறார்கள்.

அடுத்து டேங்கின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். நம் உதாரண டேங்க் 10 மீட்டர் விட்டம், 8 மீட்டர் உயரம், கொள்ளளவு 628 கன மீட்டர். தகட்டில், டேங்க் தாங்கும் மேலழுத்தம் (வெளிக்காற்றைவிடக் கூடுதல்) 200 மில்லிமீட்டர், வெற்றழுத்தம் (வெளிக்காற்றைவிடக் குறைவு) 50 மில்லிமீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீர்மட்டம் என்பது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. கூரையின் பரப்பு 78.5 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் வெற்றழுத்தம் வந்தால் கூரைமேல் ஏறக்குறைய 3,900 கிலோ உட்கார்ந்த கணக்கு. கூரைத் தகடு 5 மில்லிமீட்டர் கனம் என்றால் சதுர மீட்டருக்கு 39 கிலோதான் எடை. கீழிருந்து 40 மில்லிமீட்டர் அழுத்தம் தள்ளினாலே தகட்டின் எடைக்கு ஈடாகிவிடும்.

இப்போது கோடை மழைக்கு வருவோம். அடைத்துவைத்த டேங்கில் உள்காற்று 50 டிகிரியிலிருந்து 30-க்கு இறங்கினால், காற்று சுருங்குவதால் மட்டும் 640 மில்லிமீட்டர் வரை வெற்றழுத்தம் வரும். டேங்க் தாங்குவது 50. ஆவி குளிர்ந்து நீர்மமாவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

சரி, எவ்வளவு காற்று போய்வர வேண்டும்? டேங்க் மூச்சுக்கான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 2000 தரநிலையின் பழைய எளிய வழி பழகுவதற்கு நல்லது. பம்ப் மணிக்கு 60 கன மீட்டர் வெளியே எடுத்தால் அதே 60 காற்று உள்ளே வர வேண்டும். வெயில், மழை மாற்றத்துக்கு, கொள்ளளவின் ஒவ்வொரு கன மீட்டருக்கும் மணிக்கு 0.169 கன மீட்டர், 628-க்கு 106. ஆக உள்மூச்சு 166. வெளிமூச்சுக்கு எத்தனால் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள் என்றால் நிரப்பும் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும்: நிரப்புவதும் 60 என்றால் 120. அதோடு 106, மொத்தம் 226.

அப்புறம்தான் அமைப்பு. தகட்டில் உள்ள எண்ணையே வால்வுக்கு வைத்துவிடாதீர்கள். தட்டின் எடையே மூடிவைத்திருக்கும் எடைத்தட்டு வால்வு, சொன்ன அழுத்தத்தில் லேசாகத்தான் தூக்கும். முழுக்கத் திறக்க மேலும் அழுத்தம் வேண்டும். நம் டேங்குக்கு வெளிமூச்சை 120-லும் உள்மூச்சை 25-லும் வைப்பேன். பிறகு தயாரிப்பாளரின் வரைபடத்தில் 200-க்குள் 226 கன மீட்டரும், 50-க்குள் 166 கன மீட்டரும் போகுமா என்று பார்த்து வால்வின் அளவைத் தேர்ந்தெடுப்பேன். தீ விபத்துக்கான அவசர மூடி தனி. அது மூச்சு வால்வு திறக்கும் அழுத்தத்துக்கு மேலே, ஆனால் 200-க்குள் போதிய அளவு திறக்கும்படி இருக்க வேண்டும்.

தட்டின் எடையை நீங்களே சரிபார்க்கலாம். அழுத்தம் தாங்கும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 120 மில்லிமீட்டருக்கு 2.4 கிலோ, 25-க்கு அரைக் கிலோ. தராசில் வைத்துப் பாருங்கள்.

வெளித்தீ வால்வு வழியே டேங்குக்குள் போகாமல் தடுக்கும் தீத்தடுப்பு வலையை யாரும் கழற்றக்கூடாது. 30 டிகிரியில் எத்தனால் ஆவி டேங்கின் காற்றில் சுமார் 10 சதவீதம் இருக்கும். தீப்பற்றும் எல்லையோ சுமார் 3 முதல் 19 சதவீதம். நம் ஊர் வெயிலில் டேங்க் அந்த எல்லைக்கு நடுவிலேயே நிற்கிறது. வலையும் காற்றைக் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடையையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று பட்டுத் தட்டு ஒட்டிக்கொள்ளும். உள்நாட்டில் குளவி மண்கூடு கட்டும். ஒருமுறை நான் வேலை பார்த்த இடத்தில் பெயின்ட் அடிப்பவர்கள் சாயம் படாமலிருக்க வால்வைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது கூரை பள்ளமாகிக் கிடந்தது. அன்றிலிருந்து டேங்க் மேல் எந்த வேலை நடந்தாலும், பம்ப்பை ஓட்டும் முன் நானே ஏணியில் ஏறி, தட்டைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.