சேற்றில் புதைந்த டாங்கியை இழுக்க எத்தனை டன் வேண்டும்? கணக்குப் போடும் முறை

67 டன் டாங்கி சேற்றில் மாட்டிக்கொண்டால் 67 டன் இழுக்கும் வண்டி ஒன்று போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது. மட்கார்டு வரை புதைந்துவிட்டால் அதைப் போல இரண்டு மடங்கு விசை வேண்டும். அதனால்தான் டாங்கிக்கு நாலு டன் கவசம் கூட்டினார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அதன் மீட்பு வண்டி நினைப்புதான் வருகிறது. அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கியையும் அதன் மீட்பு வண்டியான எம்88ஏ2 ஹெர்குலிஸையும் வைத்துக் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்போம். எல்லாம் மெட்ரிக் டன்.

முதலில் மண். சிக்கிய வண்டியை அப்புறம் பார்க்கலாம், மீட்பு வண்டி நிற்கப்போகும் இடம் தாங்குமா என்று பாருங்கள். டாங்கியின் எடையை, இரண்டு சங்கிலிப் பட்டைகளும் தரையைத் தொடும் பரப்பால் வகுத்தால் தரை மேல் விழும் அழுத்தம் கிடைக்கும். ஏப்ரம்ஸின் பட்டை 63.5 செ.மீ. அகலம், தரையில் படியும் நீளம் சுமார் 458 செ.மீ. 1980-இல் வந்த முதல் ஏப்ரம்ஸ் 54.4 டன், அதாவது சதுர செ.மீ.க்கு சுமார் 0.94 கிலோ. இப்போதைய எம்1ஏ2 செப் வி3 வகை 66.8 டன், அதே பட்டைதான், அழுத்தம் 1.15 கிலோவாகிவிட்டது. 12 டன் கூடியதன் விலையை முதலில் கொடுப்பது மண்தான்.

இந்த முதல் படியைத் தாண்டிப் போகவே கூடாது. 2025 மார்ச் 25 அன்று லிதுவேனியாவின் பப்ராடே பயிற்சிக் களத்தில், நகர முடியாமல் நின்ற ஒரு வண்டியை மீட்கப் போன எம்88ஏ2 ஒன்று அங்கிருந்த சதுப்பில் மூழ்கிப்போனது. அதில் போன நான்கு அமெரிக்க வீரர்களும் இறந்துபோனார்கள். 63 டன் இரும்பை அந்தச் சேற்றிலிருந்து வெளியே எடுக்க மார்ச் 31 வரை ஆனது. மீட்கப் போகிற வண்டியும் டாங்கி அளவு கனம் என்பதை அந்த நால்வரை நினைக்காமல் என்னால் எழுத முடியவில்லை. பச்சையாகப் புல் படர்ந்து, மேலே பார்க்கக் கெட்டியாகத் தெரியும் ஈர நிலத்தை நம்பாதீர்கள். கம்பால் குத்திப் பாருங்கள், நடந்து பாருங்கள், கெட்டித் தரை எங்கே முடிகிறதோ அங்கேயே மீட்பு வண்டியை நிறுத்திவிட்டு வடத்தை நீளமாக விடுங்கள்.

இனி ஆழம். அமெரிக்க ராணுவம் சொல்லிக்கொடுக்கும் கணக்கு எளிமையானது: சக்கரத்தின் நடுப்பகுதி வரை புதைந்திருந்தால் வண்டியின் எடை அளவு, மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு, மேலே பீரங்கி இருக்கும் சுழல்கூண்டு வரை என்றால் மூன்று மடங்கு. நம் ஏப்ரம்ஸ் மட்கார்டு வரை புதைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 66.8 × 2, ஆக 133.6 டன். 41 டன் டி-72 அதே ஆழத்தில் கிடந்தால் 82 டன்தான்.

கயிறு கட்டுவதற்கு முன்பே இந்தத் தொகையைக் குறைக்க வழி உண்டு. வந்த வழியிலேயே பின்னால் இழுத்தால் சுமார் 10 சதவீதம் குறையும், ஏனென்றால் டாங்கி தானே வெட்டிய தடம் அங்கே இருக்கிறது. எஞ்சின் ஓடி, பட்டைகள் இழுக்கும் திசையிலேயே சுழன்றால் 40 சதவீதம் குறையும், 133.6 டன் 80 டன்னாக இறங்கிவிடும். எஞ்சின் செத்துப்போன டாங்கிக்கும் உயிரோடு இருக்கும் டாங்கிக்கும் அவ்வளவு வித்தியாசம். மண்வெட்டி எடுத்துப் பட்டையைச் சுற்றி இருக்கும் சேற்றை வாரி எறிவதும் வீண்வேலை இல்லை.

சரி, நம்முடைய டாங்கியின் எஞ்சின் ஓடவில்லை. எம்88ஏ2-வின் பெரிய வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை) இழுப்பது 63.5 டன். அப்படியானால் கப்பி போட்டாக வேண்டும். கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொண்டு இங்கே ஏமாந்துவிடக் கூடாது. அது ஓரிடத்தில் நிலையாக இருப்பதால் கயிற்றின் திசையை மட்டும்தான் மாற்றுகிறது, குடத்தின் எடை அப்படியே கைக்கு வரும். கப்பியைக் குடத்தோடு கட்டி, கயிற்றின் ஒரு நுனியை மேலே விட்டத்தில் கட்டினால்தான் பாரம் பாதியாகும். டாங்கியிலும் அதே விஷயம்தான்: டாங்கியைப் பிடித்து இழுக்கும் வடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள், அத்தனை பங்காகப் பாரம் பிரியும்.

133.6-ஐ 63.5-ஆல் வகுத்தால் 2.1 வருகிறது. இரண்டு வடம் போதும் என்று தோன்றும். கப்பி ஒவ்வொன்றும் உராய்வில் 10 சதவீதம் தின்னும் என்பதையும் சேருங்கள். இரண்டு வடத்துக்கு ஒரு கப்பி: 133.6-உடன் 13.4 சேர்த்தால் 147, இரண்டால் வகுக்க 73.5. வின்ச் தாங்காது. மூன்று வடத்துக்கு இரண்டு கப்பி: 133.6-உடன் 26.7 சேர்த்தால் 160.3, மூன்றால் வகுக்க 53.4. இது நடக்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

ஆனால் கப்பி வின்ச்சின் பாரத்தைத்தான் குறைக்கிறது, நங்கூரத்தின் பாரத்தை இல்லை. டாங்கியை 133 டன் விசை முன்னால் இழுத்தால், எதிர்முனையில் யாரோ அந்த 133 டன்னையும் தாங்கி நிற்க வேண்டும். மூன்று வடத்தின் எதிர்முனையும் எம்88-இலேயே கட்டப்பட்டிருந்தால், முன்னால் இறக்கிய பிளேடு தரையில் நன்றாகப் புதைந்து பிடிக்காத வரை அதுதான் டாங்கியை நோக்கி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவது கப்பியைப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கனமான வண்டியில் கட்டுவது இதனால்தான்.

வடம் கட்டும்போது அவசரமே கூடாது. தோல் கையுறை போடுங்கள், இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் இடம், முறுக்கி மடங்கிய இடம் எதுவும் இருக்கிறதா என்று வடம் முழுவதையும் பாருங்கள். கொக்கியின் வாய் மேலே பார்த்திருக்க வேண்டும். பாரம் தாங்காமல் கொக்கி நிமிர்ந்துவிட்டால் வடம் தரையை நோக்கி அடிக்கும், ஆள் மேல் பாயாது. மெதுவாகத் தொய்வை மட்டும் எடுத்து, நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் முழு இழுவை. இழுக்கும்போது ஓட்டுநரின் மூடி சாத்தியிருக்க வேண்டும், மற்றவர்கள் வெளியே விட்ட வடத்தின் நீளமாவது தள்ளி நிற்க வேண்டும், வடம் கப்பியில் வளையும் கோணத்துக்கு உள்ளே ஒருவரும் நிற்கக் கூடாது.

வெளியே வந்த டாங்கியைச் சாலையில் இழுத்துப் போவது வேறு கணக்கு. இங்கே பிரேக்தான் பிரச்சினை. இறக்கத்தில் பின்னால் வரும் டாங்கி முன்னால் போகும் வண்டியைத் தள்ளும், ஆகவே இழுப்பது இழுபடுவதைவிடக் கனமாக இருப்பது நல்லது. 51 டன் எம்88ஏ1 தனியாக ஏப்ரம்ஸைச் சமாளிக்க முடியாமல் இரண்டு சேர வேண்டியிருந்ததால்தான் 63.5 டன் ஏ2 வந்தது. அப்புறம் டாங்கி 66.8 டன்னானது, மறுபடி இரண்டு வண்டி தேவைப்பட்டது, ஏ3 என்று அடுத்ததை உருவாக்கத் தொடங்கினார்கள். இது புதுக்கதையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் 57 டன் டைகர் டாங்கியை இழுக்க, முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலிப் பட்டையும் உள்ள 18 டன் வகை அரைச்சங்கிலி வண்டிகள் மூன்று வரை பூட்ட வேண்டியிருந்தது. இன்னொரு டைகரை வைத்து இழுக்கக் கூடாது என்று தடையே போட்டிருந்தார்கள், இழுக்கிற டைகரும் பழுதாகிவிடும் என்று.

ஆவடியில் தயாராகும் அர்ஜுனுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். மார்க் 1 58.5 டன், 2021-இல் 118 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்ட மார்க் 1ஏ சுமார் 68 டன். மட்கார்டு வரை புதைந்தால் 136 டன். நம் ராணுவத்தில் இருக்கும் டபிள்யூஇசட்டி-3 மீட்பு வண்டியோ 41 டன் டி-72 குடும்பத்தின் சட்டகத்தில் கட்டியது. வின்ச்சை விடுங்கள், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் கணக்கை முதலில் போடுங்கள்.