ஷொக் அப்சோபர் வாங்க முன்னம் சுவிங் ஆம் புஷ்ஷைப் பாருங்கள்

சிடி 125, எம்டி 90 போன்ற பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள்கள் மட்டக்களப்புப் படுவான்கரையின் கிறவல் ரோட்டில் ஆளையும் நெல் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தவை. பின்பக்கம் ஆடுகிறது, குண்டில் தூக்கி அடிக்கிறது என்றதும் ஆட்கள் ஓடிப்போய் ஒரு சோடி ஷொக் அப்சோபர் வாங்குகிறார்கள். பல நேரம் பிழை அங்கே இல்லை, சுவிங் ஆம் புஷ்ஷில் இருக்கிறது. சுவிங் ஆம் என்பது பின்சில்லைப் பிடித்து மேலும் கீழும் அசையும் இரும்புக் கை, புஷ் என்பது அது பிறேமோடு சேரும் இடத்தில் உள்ள குழாய் போன்ற துண்டு. அதை விட்டுவிட்டுப் புது ஷொக் போட்டாலும் வளைவில் பின்சில்லு நெளியத்தான் செய்யும்.

முதலில் வண்டியைச் சீமெந்துத் தரையில் மெயின் ஸ்ராண்டில் ஏற்றுங்கள். மணலில் வேண்டாம், ஸ்ராண்ட் புதைந்து வண்டி சாயும். சில்லுக்குக் கீழே ஒரு பலகைக் கட்டை வைத்த பிறகுதான் இரண்டு ஷொக்கையும் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் சுவிங் ஆம் தொப்பென்று கீழே விழும். கழற்றியதும் கட்டையை எடுத்துவிட்டு, சில்லின் அச்சுக்குப் பக்கத்தில் சுவிங் ஆமைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். 'டக் டக்' என்று அசைந்தால் புஷ் போய்விட்டது. சுவிங் ஆம் அசையாமல் சில்லு மட்டும் ஆடினால் அது சில்லு பெயறிங், வேறு வேலை.

கல்லடி, காத்தான்குடி, ஒலுவில் போன்ற கடலோரத்து வண்டிகளில் ஷொக் நட் உப்புக்காற்றில் இறுகிப் போயிருக்கும். முதல் நாள் பின்னேரமே துருநீக்கி ஒயில் விட்டு ஊறவையுங்கள். பெரும்பாலும் 14 அல்லது 17 ஸ்பானர்தான், ரிங் ஸ்பானர் பாவியுங்கள். நட் வந்த பிறகும் ஷொக்கின் கண் (முனையில் உள்ள வளையம்) ஸ்ரட்டில், அதாவது பிறேமிலிருந்து நீட்டியிருக்கும் மரைக்கம்பியில், ஒட்டிக்கொண்டு வராது. சுத்தியலால் அடிக்க வேண்டாம், ஸ்ரட் பிறேமோடு வெல்டிங் செய்யப்பட்டது, வளைந்தால் பெரிய செலவு. பழைய ஷொக் எறியப்போவது என்றால் இறப்பரை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் இரும்புக் குழாயை நீளவாக்கில் அரத்தால் கீறிப் பிளந்து எடுங்கள்.

பழைய ஷொக்கைத் திருத்தலாமா என்பதைத் தண்டு சொல்லும். குரோம் தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் அளவுக்குத் துருக்குழி இருந்தால் எந்தப் புது சீலும் நிற்காது, ஒயில் கசியும். தண்டு நல்லதாக இருந்து, உடம்பும் கழற்றக்கூடிய வகையாக இருந்தால் மட்டும் சீலும் ஒயிலும் மாற்றலாம். மூடி நசுக்கி அடைத்த வகையை வெட்டித் திறப்பது பிரயோசனமில்லை. உள்ளே அழுத்தத்தில் வாயு அடைத்த காஸ் ஷொக்கைத் திறக்கவே கூடாது. ஸ்பிரிங் கழற்ற ஸ்பிரிங் கொம்பிறசர் வேண்டும். ஒருவர் மிதித்து அமர்த்த மற்றவர் பூட்டைக் கழற்றும் பழக்கம் கையையும் முகத்தையும் உடைக்கும்.

புதிது வாங்கும்போது மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை அளந்து, அதே நீளத்தில் வாங்குங்கள். கண்ணின் துளையையும் அகலத்தையும் அளக்க மறக்க வேண்டாம். நீளம் கூடினால் மெயின் ஸ்ராண்டில் நிற்கும்போதே சில்லு தரையில் முட்டும், செயின் சுவிங் ஆமில் உரசும். குறைந்தால் ரயர் மட்கார்டில் தட்டும். கடையில் படுத்துக் கிடந்த ஷொக்கின் உள்ளே காற்று ஏறியிருக்கும். பூட்டும் முன் தண்டு மேல்நோக்கி இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து எட்டுப் பத்துத் தரம் முழுதாக அமர்த்தி விடுங்கள்.

புஷ் மாற்ற சில்லு, செயின், பிறேக் றொட் எல்லாம் கழற்ற வேண்டும். சுவிங் ஆமைப் பிறேமோடு பிடிக்கும் குறுக்கு அச்சு வராவிட்டால் நட்டைத் திரும்பப் பாதி பூட்டி, பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள். அப்போது மரை பழுதாகாது. பழைய புஷ்ஷை நீள மரைக்கம்பி, வொஷர், சொக்கெற் வைத்து இழுத்து எடுக்கலாம். லேத்தில் வெண்கலப் புஷ் கடையக் கொடுத்தால், புஷ்ஷின் உள்ளே இருக்கும் கொலர் குழாயையும் சேர்த்துக் கொடுங்கள். கொலரில் தேய்ந்த வரி இருந்தால் அதுவும் புதிதாக வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: கொலர், இரண்டு பக்கப் புஷ்களின் வெளி விளிம்புக்கு விளிம்பு உள்ள நீளத்தை விட ஒரு மயிரிழை, 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை, நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அச்சு நட்டை இறுக்கும்போது பிறேம் கொலரைப் பிடிக்கும், புஷ் விடுதலையாகச் சுழலும். குறைந்தால் நட்டை இறுக்கியதும் சுவிங் ஆம் இறுகிப்போகும். பிறகு நட்டை இளக்கி ஓடுவார்கள், அது ரோட்டில் கழன்று போகும்.

இறப்பர் புஷ் உள்ள வண்டியில் முறை வேறு. அச்சு நட்டைச் சும்மா பூட்டி, சில்லு தரையில் நிற்க ஒருவரை ஏற்றி இருத்திய பிறகு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் எந்நேரமும் முறுகி விரைவில் கிழியும்.

ஷொக் நட்டையும் கடைசியாகத்தான் இறுக்க வேண்டும். 10 மில்லிமீற்றர் மரைக்கு 3 முதல் 4 கிலோகிராம்-மீற்றர் (kgf·m) முறுக்கு போதும். அடியில் உள்ள சரிசெய்யும் வளையம் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். தனியாக ஓடும்போது கீழ்ப் படி, மூட்டை ஏற்றினால் மேல் படி. செயின் தளர்வை ஒருவர் ஏறியிருக்கும்போது பாருங்கள்.

தண்டுக்குக் கிறீஸ் பூச வேண்டாம், மணல் ஒட்டி சீலை அறுக்கும். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் துடையுங்கள். 200 கிலோமீற்றர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள்.