காரீயம்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலுக்கு முன்னால் பழைய கதவுக்குப் பெயின்ட் அடிக்க, உப்புத்தாளை எடுத்துச் சரக் சரக்கென்று தேய்ப்போம். திண்ணையெங்கும் தூசி. அதே திண்ணையில் குழந்தை தவழ்ந்துவிட்டு கையை வாயில் வைக்கும். பழைய பெயின்ட் என்றால் அந்தத் தூசியில் காரீயம் (லெட் என்கிற நச்சு உலோகம்) இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் அது 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய கதவு, ஜன்னல் என்றால், அதிலும் மஞ்சள், சிவப்பு நிறம் என்றால், சந்தேகப்படுவதே நல்லது. நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கமே விடாதீர்கள். அப்புறம் துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

“நாங்களெல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம், என்ன ஆகிவிட்டது?” என்பார்கள். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. காரீயம் கால்சியம் போல வேஷம் கட்டி எலும்புக்குள் புகுந்துவிடும். ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் இருப்பது பாதியாகவே பத்து, இருபது வருஷம் பிடிக்கும். கர்ப்ப காலத்திலும், மூப்பில் எலும்பு தேயும்போதும் அது மறுபடி ரத்தத்தில் இறங்கும். சிறுமியாக இருந்தபோது உள்ளே போனது, பிற்பாடு அவள் வயிற்றுப் பிள்ளையைத் தொடும். காரீயம் கலந்த பெட்ரோல் இங்கே நின்றது 2000இல். அதற்கு முன் பெரிய நகரங்களில் வளர்ந்தவர்களின் எலும்பில் அந்தப் புகை கொஞ்சமாவது தங்கியிருக்கும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும், பிள்ளைகளுக்குப் படிப்பிலும் கவனத்திலும் பின்னடைவு. இவற்றில் எதன் மேலும் ‘காரீயத்தால் வந்தது’ என்று ஒட்டியிருக்காது.

ரத்தப் பரிசோதனையில் நார்மல் என்று வந்தாலும், அது பெரும்பாலும் சமீபத்திய கணக்குதான். ‘டீடாக்ஸ்’ ஜூஸ் எலும்பை எட்டாது. ஆனால் இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையின் குடல் காரீயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால், கேழ்வரகுக் கூழுக்கும் கீரைக்கும் இங்கே வேலை உண்டு.

அப்புறம் ரசச் சொம்பு. ஈயச் சொம்பு என்றால் வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம். விலை பல மடங்கு குறைவு, கலப்படத்துக்கு அது போதாதா? பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. புளித்தண்ணீர் சூடேறினால் காரீயம் அதில் இறங்கும், ருசியும் காட்டிக்கொடுக்காது. “பாட்டி காலத்துச் சொம்பு” என்பதெல்லாம் சான்றிதழ் ஆகாது. லேபில் கொடுத்துப் பார்க்க முடிந்தால் சரி, இல்லையென்றால் பரணில் ஏற்றிவிடுங்கள். எவர்சில்வரில் கொதித்தாலும் பெருங்காயம் மணக்கத்தான் செய்கிறது.