டீசல் ஏறினால் தக்காளி எவ்வளவு ஏறலாம்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரிக் கணக்கு எழுதுகிறவன் நான். "டீசல் ஏறிடுச்சுங்க" என்று கடைக்காரர் கிலோவுக்கு 5 ரூபாய் கூட்டினால், இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போக வர எத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு எவ்வளவு ஓடும், எத்தனை கிலோ சரக்கு: இவ்வளவுதான் வேண்டும். 10 டன் தக்காளி 200 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. போக வர 400. லிட்டருக்கு 4 என்றால் 100 லிட்டர். டீசல் 5 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 500 ரூபாய். கிலோவுக்கு 5 பைசா! ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அரை லோடோடு ஏறும் குட்டி வண்டிக்கும் பைசாக் கணக்குதான். கடைக்காரர் கூட்டிய 5 ரூபாயில் மீதி விளைச்சல், கமிஷன், கொஞ்சம் ஆசை.

ஜல்லி, செங்கல் வேறு கதை. கனம் அதிகம், விலை குறைவு. வாடகை சுள்ளென்று தெரியும். பிளாஸ்டிக் குடத்துக்கு மூலப்பொருளே கச்சா எண்ணெயிலிருந்து வருவது.

அப்புறம், உலகச் சந்தையில் பீப்பாய் விலை இறங்கியதும் பங்க்கில் இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். நடுவில் டாலர் மதிப்பு, மத்திய கலால் வரி, மாநில வாட் (மதிப்புக் கூட்டு வரி) எல்லாம் உண்டு.